தாமஸ் அக்குவினாஸும் பெண்ணாகடத்துப் பிள்ளையும்

13ஆம் நூற்றாண்டில் இரண்டு இடங்களில் கிட்டத்தட்ட ஒரே வேலை நடந்துகொண்டிருந்தது. பாரிஸிலும் நேப்பிள்ஸிலும் தாமஸ் அக்குவினாஸ் (இறந்தது 1274) என்ற தொமினிக்கன் துறவி, ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் எதிர்த்தரப்பை அடுக்கி வைத்து, பிறகு தன் முடிவைச் சொல்லி, கடைசியில் எதிர்வாதங்களுக்கு ஒன்றுவிடாமல் பதில் எழுதினார். இங்கே பெண்ணாகடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்ததாகச் சொல்லப்படும் மெய்கண்டார், 12 சூத்திரங்களில், மொத்தம் 40 வரிகளில் சிவஞானபோதத்தை முடித்தார். பாட்டு என்று நினைத்துப் படிக்கப் போனால் ஏமாந்துபோவீர்கள். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று அவரே வகுத்துக்கொடுத்த வாத அமைப்பு அது. அவருடைய மாணவர் அருணந்தி சிவம், பண்ருட்டிப் பக்கம் திருத்துறையூர்க்காரர். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரிகள் வரை 14 கட்சிகளை வரிசையாக நிறுத்தி, அவர்கள் சொல்வதைச் சொல்லவிட்டு, பிறகு மறுக்கிறார். அந்த மரபில் நான்காவதாக வந்த சிதம்பரத்து உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணத்தில் வாதத்தோடு சேர்த்து ஆண்டையும் எழுதி வைத்துவிட்டார். சக ஆண்டு 1235, அதாவது கி.பி. 1313.

பிறகு இரண்டு பக்கமும் பல நூற்றாண்டுகள் உரைகளும் உரைக்கு உரைகளும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டையும் ஒரே சமயத்தில் யாரோ தட்டி எழுப்பினார்கள். எழுப்பியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே 50 கிலோமீட்டர்கூடக் கிடையாது. மறைமாவட்டத்தின் பெயரே பாண்டிச்சேரி–கடலூர். சித்தாந்தத்தின் சந்தான குரவர் நால்வரின் ஊர்களும் இந்த வட்டாரத்தில்தான் வருகின்றன. அண்டை வீட்டுக்காரர்கள் எப்படி இவ்வளவு நாள் பேசாமல் இருந்தார்கள்?

முதலில் ரோமாபுரிப் பக்கம். 1879 ஆகஸ்ட் 4 அன்று போப் 13ஆம் லியோ 'ஏத்தெர்னி பாத்ரிஸ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். கத்தோலிக்கப் பள்ளிகளும் குருமடங்களும் அக்குவினாஸின் மெய்யியலுக்குத் திரும்பவேண்டும் என்பது அதன் சாரம். சும்மா பக்தியில் சொன்னதல்ல. டெக்கார்ட்டிலிருந்து கான்ட் வரை வந்த ஐரோப்பியத் தத்துவம் திருச்சபையின் காலடியில் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. பதில் சொல்ல ஒரு முழு அமைப்பு தேவைப்பட்டது. அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. 1882இலிருந்து அக்குவினாஸ் நூல்களின் திருத்தப் பதிப்பு வரத் தொடங்கியது. 1889இல் லூவேனில் மெர்சியே தனி நிறுவனம் தொடங்கினார். 1914இல் '24 கூற்றுகள்' என்று அக்குவினாஸை ஒரு பட்டியலாகவே சுருக்கினார்கள். 1917இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, குருமாணவர்களுக்கு அவர் வழியிலேயே கற்பிக்கவேண்டும் என்று விதித்தது. இதைத்தான் நவ ஸ்கொலாஸ்திக் இயக்கம் என்கிறோம்.

இது நம் பக்கம் வந்தது கண்டி வழியாக. 1893இல் அதே லியோ, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாகக் கண்டியில் பாப்பிறைக் குருமடத்தை நிறுவினார். பெல்ஜிய இயேசு சபையினர் நடத்தினார்கள். 1955இல் அது புனேவுக்கு இடம்பெயர்ந்தது. அந்த 60 வருடங்களில் சுதேசிக் குருக்கள் பலர் அங்கே லத்தீன் பாடநூல்களில் தத்துவம் படித்தார்கள். அந்தப் பாடநூல்களின் அமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான்: கூற்று, சொற்களின் விளக்கம், எதிர்ப்பாளர்கள், நிரூபணம், ஆட்சேபங்கள், பதில்கள். எதிர்ப்பாளர் வரிசையில் கான்ட் இருப்பார், ஹியூம் இருப்பார், ஸ்பினோசா இருப்பார். பரபக்கத்தைப் படித்த ஒருவர் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தால், "அட, இது நம்ம வீட்டுக் கட்டுமானமாச்சே" என்பார். படித்தவர் கையில் அது போகவில்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. தமிழில் ஸ்கொலாஸ்திக் தத்துவம் 1893இல் வந்து இறங்கிய புதுச் சரக்கு இல்லை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, அந்தக் கல்வியில் ஊறி வந்தவர். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்று அவர் எழுதியவற்றில் அரிஸ்டாட்டிலும் அக்குவினாஸும் தமிழ் உடுத்தி நடக்கிறார்கள். அவரது தமிழ் வழவழப்பானதல்ல. வடசொல் நெரிசலில் மூச்சு முட்டும். ஆனாலும் 'ஆத்துமா என்றால் என்ன, அது உடலோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது' என்பதைத் தமிழ் வாக்கியத்தில் வைத்து வாதாட முடியும் என்று காட்டிவிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து வந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர், விருத்தாசலம் வட்டாரத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் கட்டினார். பெண்ணாகடத்திலிருந்து ஒரு பகல் பயணத் தூரம். ஆக 18ஆம் நூற்றாண்டிலேயே இரு மரபும் ஒரே வெயிலில் நின்றன. ஆனால் 1879க்குப் பின் வந்த மறுமலர்ச்சி இந்த 250 வருடத் தமிழ் முதலீட்டைத் தொடவில்லை. லத்தீனில் வந்தது, லத்தீனிலேயே படித்தது, லத்தீனிலேயே தேர்வு எழுதியது. நொபிலியின் நூல்களை ச. இராசமாணிக்கம் அடிகள் தேடி எடுத்துப் பதிப்பித்தது 1960களில். அதற்குள் வத்திக்கான் சங்கம் நடந்து, பழைய பாடநூல்கள் பரணுக்குப் போய்க்கொண்டிருந்தன.

இந்தியாவில் நவ ஸ்கொலாஸ்திக்காரர்கள் யாருமே பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அநியாயம். பார்த்தார்கள், வேறு வீட்டை. வங்காளத்துப் பிரம்மபாந்தவ் உபாத்யாய் (1861–1907) 'சோஃபியா' பத்திரிகையில் தைரியமாக ஒரு திட்டம் வைத்தார். அக்குவினாஸுக்கு அரிஸ்டாட்டில் எப்படிப் பயன்பட்டாரோ, இந்தியக் கிறிஸ்தவனுக்குச் சங்கரர் அப்படிப் பயன்படட்டும் என்பது அது. மேலிடம் அவரைத் தடுத்தது. பிறகு அவர் அரசியலுக்குப் போய், ராஜதுரோக வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இறந்தார். அவர் விட்ட நூலைப் பிடித்துக்கொண்டு கல்கத்தாவில் பெல்ஜிய இயேசு சபையினர் 1922இல் 'லைட் ஆஃப் தி ஈஸ்ட்' என்ற பத்திரிகை தொடங்கினார்கள். அதில் பியர் ஜோஹான்ஸ் வேதாந்தம் வழியாகக் கிறிஸ்துவுக்கு என்ற பொருளில் வருடக்கணக்காக எழுதினார். சங்கரர், ராமானுஜர், வல்லபர் என்று ஒவ்வொருவரையும் எடுத்து, இவரிடம் இது சரி, அவரிடம் அது சரி, எல்லாச் சரிகளும் முரணின்றி ஒன்றுசேரும் இடம் அக்குவினாஸ் என்று காட்டினார். அதற்கு அடுத்த தலைமுறையில் ரிச்சர்ட் தெ ஸ்மெத் (1916–1997) வந்தார். 1953இல் ரோமில் சங்கரரின் இறையியல் முறை பற்றி ஆய்வேடு. பிறகு புனேயில் ஆசிரியப் பணி. சங்கரர் 'லக்ஷணா' என்பதைக் கையாளும் விதமும், கடவுளைப் பற்றிய சொற்கள் ஒப்புமையாகவே பொருந்தும் என்ற அக்குவினாஸின் கொள்கையும் எவ்வளவு நெருக்கம் என்று அவர் காட்டியதை இன்றும் யாரும் ஒதுக்க முடியாது. மூவரிலும் எனக்குப் பிடித்தவர் தெ ஸ்மெத். ஜோஹான்ஸ் மதிப்பெண் போடும் வாத்தியார். தெ ஸ்மெத் உண்மையிலேயே படிக்கிறவர்.

ஆனாலும் மூவரும் ஒரே முடிவை எடுத்திருக்கிறார்கள், கவனியுங்கள்: இந்தியாவின் அரிஸ்டாட்டில் சமஸ்கிருத வேதாந்தம்தான். ஏன்? அன்றைய ஐரோப்பா அதைத்தான் இந்தியத் தத்துவத்தின் சிகரம் என்று அச்சடித்திருந்தது. படித்த வங்காளமும் அதைத்தான் நம்பியது. இன்னொரு காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சங்கரரோடு பேசுவது நவ ஸ்கொலாஸ்திக்காரருக்கு ஒருவகையில் சௌகரியம். 'இருப்பே வடிவான ஒன்று, மற்றதெல்லாம் அதைச் சார்ந்தே இருக்கிறது' என்ற உச்சியில் இருவரும் கைகுலுக்கிக்கொள்ளலாம். மாயாவாதம் என்ற ஒரு சிக்கல். அதற்கு ஒரு வியாக்கியானம் சொல்லிவிட்டால் சமரசம். சித்தாந்தத்தோடு பேசினால் அந்தச் சௌகரியம் கிடைக்காது. அது தாமஸின் மாதிரியே வாதாடும், தாமஸ் மாதிரியே கடவுளை நிறுவும், கடைசியில் தாமஸ் கை வைக்கவே முடியாத ஓரிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த இடம் எது என்று காட்ட, முதல் சூத்திரத்தின் வாதத்தை என் நடையில் சொல்கிறேன். உலகத்தில் இருப்பதையெல்லாம் அவன், அவள், அது என்று சுட்டிவிடலாம். சுட்டக்கூடிய ஒவ்வொன்றும் தோன்றுகிறது, நிற்கிறது, அழிகிறது. ஆகவே உலகம் தானாக நிற்கும் பொருளல்ல, செயப்பட்டது. அது எங்கே ஒடுங்குகிறதோ அங்கிருந்துதான் மறுபடி வரவேண்டும். ஆகவே ஒடுக்குகிறவனே முதல்வன். அது மறுபடி வருவதற்குக் காரணம், உயிர்களின் மலம் இன்னும் தீரவில்லை.

இதை அக்குவினாஸின் ஐந்து வழிகளில் மூன்றாவதோடு ஒப்பிடுவது வழக்கம். இருக்கவும் இல்லாமல் போகவும் கூடிய பொருள்களிலிருந்து, இல்லாமல் போகவே முடியாத ஒன்றுக்கு ஏறும் வாதம் அது. ஒப்பிட்ட கையோடு ஒரு வாக்கியம் வரும்: "ஆனால் கிறிஸ்தவம் உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்கிறது, சித்தாந்தம் அநாதி என்கிறது, அதுதான் வேறுபாடு." மேடையில் கேட்டிருப்பீர்கள். இது தவறு. தாமஸின் விசுவாசம் உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்கிறது, சரி. ஆனால் அதைப் பகுத்தறிவால் நிரூபிக்க முடியாது என்று அவரே தனி நூல் எழுதி, சக கிறிஸ்தவர்களோடு சண்டை போட்டிருக்கிறார். அவருக்குப் படைப்பு என்பது ஒருநாள் காலையில் நடந்த சம்பவமல்ல, சார்ந்திருத்தல். உலகம் என்றென்றும் இருந்திருந்தாலும், ஒவ்வொரு கணமும் அதன் இருப்பு இன்னொரு இடத்திலிருந்து வாங்கியதாகவே இருக்கும். விளக்கு எரியும் வரைதான் வெளிச்சம், அது நேற்று ஏற்றிய விளக்கானாலும் ஏற்றவே படாத விளக்கானாலும். எனவே அநாதி என்ற சொல்லை வைத்து இருவரையும் பிரிக்க முடியாது.

எங்கே பிரிகிறார்கள் என்றால், கடவுள் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதில். தாமஸின் அடிக்கேள்வி, ஏன் எதுவுமே இருக்கிறது என்பது. மெய்கண்டாரின் அடிக்கேள்வி, கட்டுண்ட இந்த உயிர் எப்படி அவிழும் என்பது. உயிரின் இருப்பை யாரும் கொடுக்கவில்லை. பதி எவ்வளவு அநாதியோ பசுவும் பாசமும் அவ்வளவு அநாதி. இறைவன் கொடுப்பது தனு, கரணம், புவனம், போகம். அதாவது உடம்பு, கருவி, வாழ இடம், அனுபவம். இருட்டறையில் கிடக்கிறவனுக்கு விளக்கு ஏற்றித் தருவது போல, மாயையிலிருந்து உலகத்தை எடுத்துத் தருகிறான். குயவன், மண், சக்கரம் என்ற உவமையில் சித்தாந்தி மண்ணைப் படைத்தது யார் என்று கேட்பதில்லை. தாமஸுக்கு அது ஒன்றுதான் கேள்வி.

நவ ஸ்கொலாஸ்திக் பாடநூல் இந்த இடத்தில் என்ன சொல்லும் என்று எனக்கு மனப்பாடம். 'இது பன்மைவாதம், இதன் கடவுள் எல்லைக்கு உட்பட்டவர், பிளேட்டோவின் கைவினைஞன் போன்றவர்.' முத்திரை குத்தியாச்சு, அடுத்த கூற்று. இங்கேதான் எனக்குக் குறை. அந்த 'எல்லை'யை விலையாகக் கொடுத்துச் சித்தாந்தம் எதை வாங்கியது என்று பாடநூல் கேட்பதே இல்லை.

அது வாங்கியது தீமை பற்றிய பதில். தாமஸுக்குத் தீமை ஒரு பொருளல்ல, இருக்கவேண்டிய நன்மை இல்லாமை. அவர் தரும் உதாரணம் குருட்டுத்தன்மை. கண்ணுக்குள் 'குருடு' என்று ஏதும் உட்கார்ந்திருக்கவில்லை, பார்வை இல்லை, அவ்வளவே. சித்தாந்தமும் கண்ணைத்தான் உதாரணமாக எடுக்கிறது, ஆனால் கண்ணில் படர்ந்த படலத்தை. ஆணவம் இல்லாமை அல்ல, இருப்பது. செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டிக்கிடப்பது. உமாபதி சிவம் திருவருட்பயனில் இன்னும் ஒரு படி போகிறார். சாதாரண இருட்டு பொருள்களை மறைக்கும், ஆனால் 'இருட்டாக இருக்கிறது' என்றாவது தெரியும். ஆணவ இருள் பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்கிறார். தான் அகங்காரி என்று தெரியாத அகங்காரியை அலுவலகத்திலோ வீட்டிலோ சந்தித்தவர்களுக்கு இது புரியும். 'இல்லாமை' என்று விளக்கினால் இந்த அனுபவத்தின் கனம் போய்விடுகிறது. குருடு, படலம் என்ற இரண்டு உதாரணங்களை அருகருகே வைத்தால் சிகிச்சையும் வேறாகிவிடுவதைப் பார்க்கலாம். இல்லாததைக் கொடுக்கவேண்டும், இருப்பதை உரித்து எடுக்கவேண்டும். அக்குவினாஸின் அருள் கொடுப்பது, சித்தாந்தத்தின் தீக்கை உரிப்பது. இரண்டு சமயங்களின் முழு நடைமுறையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைக்கிறது என்றால் மிகையில்லை.

அதற்காகச் சித்தாந்தம் ஜெயித்துவிட்டது என்று கைதட்டவேண்டாம். தாமஸ் எதிரே இருந்தால் ஒரு கேள்வி கேட்பார்: ஒன்றை ஒன்று உண்டாக்காத மூன்று பொருள்கள், ஒன்றுக்கொன்று இவ்வளவு கச்சிதமாக எப்படிப் பொருந்தின? திறக்கும் சாவியும் பூட்டும் யாரும் செய்யாமலேயே பொருந்தி இருக்கின்றன என்பதா? உயிருக்குப் பதியை நாடும் இயல்பு எங்கிருந்து வந்தது? சித்தாந்த நூல்கள் இங்கே 'அநாதி' என்ற சொல்லோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. அதேபோல, இருப்பு முழுவதையும் கொடுக்கிறவர் இந்த இல்லாமையை மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்ற கேள்விக்குத் தாமஸ் சொல்லும் பதிலும், அதாவது முழுமையின் ஒழுங்குக்காக, பெரிய நன்மைக்காக என்பதும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. இதைத்தான் இரு தரப்பும் உட்கார்ந்து பேசியிருக்கவேண்டும் என்கிறேன்.

பேசியிருந்தால் ஒத்துப்போகும் இடங்களும் ஆச்சரியமாக இருந்திருக்கும். ஐந்தாம் சூத்திரத்தில் மெய்கண்டார் காந்தத்தையும் இரும்பையும் கொண்டுவருகிறார். உயிர்களை அறியச் செய்யும் இறைவன், அதனால் தான் மாறுவதில்லை. அசையாமலே அசைக்கும் அரிஸ்டாட்டிலின் முதல் இயக்கி இதோ நம்மூர்ச் சந்தையில் நிற்கிறார். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும், படிகம் போல, என்ற சித்தாந்தக் கொள்கைக்கும், ஆன்மா ஒருவகையில் எல்லாமாகவும் ஆகிறது என்று அரிஸ்டாட்டில் சொல்லித் தாமஸ் எடுத்துக்கொண்டதற்கும் உள்ள நெருக்கத்தை மட்டும் வைத்து ஒரு முனைவர் பட்டமே வாங்கலாம். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டு இருக்கிறதே, இறைவன் உயிருக்குக் காட்டுவது மட்டுமல்ல, கூட இருந்து காண்பதும் செய்கிறான் என்பது. மனிதச் செயல் முழுக்க மனிதனுடையது, முழுக்க இறைவனுடையதும்கூட என்ற தாமஸின் சிக்கலான நிலைப்பாட்டுக்கு இதைவிட நல்ல தமிழ்ச் சொல்லாட்சி கிடையாது.

சரி, சைவப் பக்கம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அங்கேயும் அதே காலத்தில் மறுமலர்ச்சி. 1850களில் அமெரிக்க மிஷனரி ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்திருந்தார். ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையின் மொழிபெயர்ப்பு 1895இல் வந்தது. 1897இல் 'சித்தாந்த தீபிகை' தொடங்கியது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஞானியாரடிகள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1905இல் சைவ சித்தாந்த மகா சமாசம் உருவானபோது அவரும் மறைமலையடிகளும் முன்னின்றார்கள். அந்த ஊரின் பெயரே பழைய வாதக்களத்தை நினைவூட்டும். அப்பர் சமணத் துறவி தருமசேனராக இருந்த பள்ளி அங்கேதான் இருந்தது என்பது மரபு.

இந்த மறுமலர்ச்சிக்கும் ரோமாபுரி மறுமலர்ச்சிக்கும் நோய் ஒன்றுதான். ஆலஸ்டெர் மெக்கின்டயர் 1990இல் எழுதிய 'த்ரீ ரைவல் வெர்ஷன்ஸ்' நூலில் 1879க்குப் பிந்தைய இயக்கத்தைக் கடுமையாகவே விசாரிக்கிறார். அவரும் தாமஸ்காரர்தான், அதனால் அடி வலிக்கும். கான்ட் கேட்ட கேள்விகளுக்குத் தாமஸைப் பதில் சொல்ல வைத்ததால், தாமஸ் தன் கேள்விகளை இழந்தார் என்பது அவர் குற்றச்சாட்டு. சித்தாந்தத்துக்கும் அப்படியே நடந்தது. மிஷனரிக்குப் பதில், வேதாந்திக்குப் பதில், வடமொழிக்குப் பதில். சிவஞானபோதம் ரௌரவ ஆகமத்திலிருந்து மொழிபெயர்த்ததா, தமிழிலேயே பிறந்த முதல்நூலா என்ற சண்டைக்குச் செலவழிந்த மையில் பாதியை, அந்த 40 வரிகளின் வாதம் செல்லுமா என்று பார்ப்பதற்குச் செலவழித்திருக்கலாம். முன்னுரைகளில் போப் ஐயரின் பாராட்டை ஒட்டுவது வேறு. பாராட்டினால் சான்றிதழ், விமர்சித்தால் பாதிரி புத்தி! இரண்டு பக்கமும் ஓர் உரையாசிரியர் வழியாகவே மூலத்தைப் பார்த்தார்கள் என்பதும் ஒற்றுமை. அங்கே கயெத்தான், இங்கே 18ஆம் நூற்றாண்டின் சிவஞான முனிவர். கயெத்தான் தாமஸை மறைக்கிறார் என்று எதியன் ழில்சோன் வெளிப்படையாகவே சண்டை போட்டார். மாபாடியத்தோடு அப்படி முட்டிப்பார்க்கும் துணிச்சல் நம் பக்கம் அரிது.

இரண்டையும் ஒரு மேசையில் வைத்திருக்கக்கூடிய ஒருவர் சிதம்பரத்துக்கே வந்தார். தனிநாயகம் அடிகள். 1930களில், நவ ஸ்கொலாஸ்திக் கல்வி உச்சத்தில் இருந்த நாட்களில், ரோம் உர்பான் பல்கலைக்கழகத்தில் படித்து 1938இல் குருவானவர். பிறகு வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது தமிழ் அவரைப் பிடித்துக்கொண்டது. 1940களின் நடுவில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். தாமஸும் தெரியும், லத்தீனும் தெரியும், இப்போது உமாபதி சிவம் வாழ்ந்த ஊரிலேயே குடியிருப்பு. ஆனால் அவர் எடுத்தது சங்க இலக்கியத்தில் இயற்கை. திணை, நிலம், பொழுது. பிறகு 1952இல் 'தமிழ் கல்ச்சர்' இதழ், 1966இல் கோலாலம்பூர் மாநாடு என்று அவர் பாதை உலகத்துக்குப் போய்விட்டது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சமயங்களை ஒப்பிடும் பாதையில் போயிருந்தால், ஒரு கத்தோலிக்கக் குரு எழுதும் ஒவ்வொரு வரியிலும் மதமாற்ற வாசனை பிடிக்க ஆட்கள் காத்திருந்திருப்பார்கள். சங்க இலக்கியம் எல்லோருக்கும் பொது நிலம். அங்கே அவர் சுதந்திரமாக மூச்சு விட்டார். ஆனால் இழப்பு இழப்புத்தான். சித்தாந்தத்தை ஒரு தமிழ்க் கத்தோலிக்க அறிஞர் முழு நூலாக எடுத்துக்கொள்ள 1971 ஆனது. ரோம் கிரெகோரியன் பல்கலைக்கழகத்தின் மரியசூசை தவமணி, சைவ சித்தாந்தத்தில் இறையன்பு பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் ஆக்ஸ்ஃபோர்டில் அந்த ஆண்டு வந்தது. கனமான நூல், நேர்மையான நூல். தலைப்பைப் பாருங்கள்: அன்பு. சங்கரரை வாதமாகப் படித்த மரபு, சித்தாந்தத்துக்கு வந்ததும் பக்தியாகப் படிக்கிறது. தமிழ் என்றாலே உருகுதல் என்ற பழைய எண்ணம் அறிஞர்களையும் விட்டுவைப்பதில்லை. உருகுகிற திருவாசகம் நம்முடையது, சரி. தருக்கம் பேசுகிற பரபக்கம் யாருடையது?

இப்போது அக்குவினாஸ் மூன்றாவது முறையாக எழுந்திருக்கிறார், இந்தமுறை இணையத்தில். எட்வர்ட் ஃபேசரின் 2009 அறிமுக நூலும், கடவுளுக்கான ஐந்து நிரூபணங்கள் பற்றிய 2017 நூலும் யூடியூப் விவாதங்களில் நாத்திகருக்கு எதிராகச் சுழற்றப்படுகின்றன. ஆங்கிலம் படித்த நம் இளைஞர்களும் அதைக் கேட்டுவிட்டு 'முதல் காரணம்' பேசுகிறார்கள், நல்லது. இன்னொரு பக்கம் திருவாவடுதுறை ஆதீனத்தின் சித்தாந்தப் பயிற்சி மையங்கள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. 36 தத்துவங்களை அட்டவணை போட்டு ஒப்பிக்கும் பெரியவர்களைப் பார்த்தால் மரியாதையாக இருக்கிறது. ஆனால் அட்டவணையும் 24 கூற்றுகளும் ஒரே ரகம். முடிவு மட்டும் கையில் தரப்படுகிறது, முடிவுக்கு வந்த வழி தரப்படுவதில்லை. 14 கட்சிகளோடு மோதி வந்த ஒரு நூலை எதிர்க்கட்சியே இல்லாத வகுப்பில் படிப்பது, எதிரணி வராத மைதானத்தில் கபடி பாடுவது மாதிரி.

பரபக்கத்தில் 15ஆவது கட்சியாகத் தாமஸைச் சேர்த்து ஒருவர் எழுதட்டும். பாடநூலின் எதிர்ப்பாளர் வரிசையில் கான்ட்டுக்குப் பக்கத்தில் உமாபதிக்கு ஒரு நாற்காலி போட்டு இன்னொருவர் எழுதட்டும். எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: திருவருட்பயனின் மூன்றாம் அதிகாரம் இருண்மல நிலை, பத்தே குறள். அதோடு சேர்த்து, அக்குவினாஸின் 'சும்மா தியோலோகியே' முதல் பாகத்தில் தீமை பற்றிய 48, 49ஆம் வினாக்கள். இரண்டையும் ஒரே நாளில் படித்துவிடலாம். முதலில் உமாபதியைப் படியுங்கள். தாமஸ் எதை மறுக்கவேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டு அவரிடம் போகலாம்.